14. கழித்துக்கட்டிய முப்பத்தொன்று

ஆறு மாதமாகப் பேசாத அக்காவிடமிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை அழைப்பு வந்தது. ஒரே மணி. எடுப்பதற்குள் நின்றுவிட்டது. திருப்பி அழைத்தால் எடுக்கவில்லை. சின்னவளை அந்தப் போனும் கையுமாக விட்டுவிட்டுத்தான் போன வாரம் நாம் விடைபெற்றோம்.

திங்கட்கிழமை காலையிலும் அவள் கையில் அதே போன்தான் இருந்தது.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககூட உன்னை மாதிரி முழிக்க மாட்டாங்க," என்றார் கணவர். சொல்லத் தகுதி உள்ளவர்தான். இருபது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். "இன்னொரு தடவை பண்ணிப் பாரேன்."

"எடுக்க மாட்டா."

"உங்க அக்காதானே? கோபத்தையும் பிரிட்ஜ்ல வச்சுப் பாதுகாக்கிற ஆள்."

சின்னவள் சிரிக்கவில்லை. ஒன்பது வருடம் அவளும் அக்காவும் ஒரே மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர்கள். அக்கா அதன் தலைமைப் பொறுப்பில். சின்னவள் அவளுக்குக் கீழே. இரண்டு வருடம் அதிகாலையில் எழுந்து புள்ளியியலும் கணினி நிரலும் படித்து, முப்பத்தைந்தாவது வயதில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் குவான்ட் வேலைக்குச் சின்னவள் தேர்வானாள். அவள் கூடத்தை விட்டுப் போன நாளிலிருந்து அக்கா பேசவில்லை. பங்குகளின் பழைய விலைகளைக் கணக்கில் போட்டு, எதை எப்போது வாங்குவது என்று கணினிக்குச் சொல்லித்தரும் வேலை. அந்தக் கணக்குக்கு மாடல் என்று பெயர்.

அன்றைக்கு இரண்டு மணிக்கு அவளுடைய மாடலுக்குப் பரீட்சை. ஒப்புதல் கிடைத்தால் நாளை முதல் அது உண்மையான பணத்தில் ஓடும். வெள்ளியோடு முடிகிற தகுதிகாண் காலம் நிரந்தர வேலையாகும். கிடைக்காவிட்டால் வெள்ளியோடு எல்லாமே முடியும். திரும்பிப் போகப் பழைய நாற்காலி காலியாக இல்லை. அதில் வேறொருத்தி உட்கார்ந்து ஆறு மாதமாகிறது.

"நான் ஒண்ணு கேக்கட்டா?" என்றார் கணவர், ஷூவின் கயிற்றை முடிந்துகொண்டே. "புது லிஃப்டை நாங்க சும்மா விட மாட்டோம். இரும்புக் கட்டிகளை ஏத்தி, வேகமா இறங்க விட்டு, பிரேக் பிடிக்குதான்னு பாப்போம். நீ எதை ஏத்திப் பாத்தே?"

"பன்னெண்டு வருஷத்து விலை."

"விழுந்துச்சா?"

"இல்ல. ஒரு தடவைகூட விழல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு தடவைகூடவா?"

"ஏன், நல்லதுதானே?"

"நல்லதுதான்." கருவிப் பையைத் தோளில் மாட்டினார். வாசல்வரை போய், திரும்பாமலே சொன்னார். "விழாததை நான் டெஸ்ட்டுன்னு எழுத மாட்டேன். அவ்வளவுதான்."

*

பத்தே முக்காலுக்கு வரவேற்பு மேசையிலிருந்து அழைத்தார்கள். "உங்க அக்கான்னு ஒருத்தங்க வந்திருக்காங்க."

சின்னவள் லிஃப்டுக்குக் காத்திராமல் ஆறு மாடியும் படியில் இறங்கினாள்.

அக்கா காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தாள். பரிசோதனைக் கூடத்துச் செருப்பு இன்னும் காலில் இருந்தது. அந்தச் செருப்போடு வாசலைத் தாண்டக் கூடாது என்று ஒன்பது வருடம் எல்லோரையும் திட்டியவள் அவள்.

"நல்லா இருக்குடி உன் கண்ணாடிக் கட்டடம்," என்றாள் அக்கா. "கைகழுவுற இடம் ஒண்ணுகூடக் கண்ணுல படல. இங்க யார் கையிலயும் எதுவும் ஒட்டாதோ?"

"அக்கா, உக்காரு. என்ன ஆச்சு?"

"உக்கார நேரம் இல்ல." ஆனால் உட்கார்ந்தாள். "வெள்ளிக்கிழமை ஒரு வேன் டிரைவருக்கு ரத்தம் வந்துச்சு. நாப்பத்தோரு வயசு. கிட்னி சரியில்லாதவர். பொட்டாசியம் எட்டு புள்ளி ஒண்ணு."

சின்னவளின் முதுகு தானாக நிமிர்ந்தது. எட்டு என்றால் இதயம் எந்த நிமிடமும் நிற்கலாம். உடனே வார்டுக்குப் போன் செய்ய வேண்டிய எண்.

"சொன்னீங்களா?"

"மெஷின் சொல்ல விடல. சாம்பிள் கெட்டுப்போச்சு, வேற ரத்தம் அனுப்புன்னு வார்டுக்கே மெசேஜ் போட்டிருக்கு. ரெண்டாவது ரத்தம் வந்துச்சு. எட்டு புள்ளி மூணு. அதுவும் வேண்டாம்னுச்சு. மூணாவது எட்டு புள்ளி நாலு."

"அதுவும்?"

"அதுவும்."

காபி இயந்திரம் யாரும் தொடாமலே ஒருமுறை உறுமி அடங்கியது.

ஊசியில் ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். அப்படிப் பொய்யான எண்களால் வார்டுகளில் தினமும் கலவரம். வேலையை விடுவதற்கு முந்திய வாரம் சின்னவள் அந்தக் கலவரத்துக்கு ஒரு முடிவு கட்டினாள். ஏழரைக்கு மேல் வந்தால் மாதிரி கெட்டது என்று கொள், முடிவை அனுப்பாதே, மறுபடி கேள் என்று இயந்திரத்துக்கு ஒரு விதி எழுதினாள். அது போகிற போக்கில் அக்காவுக்கு அவள் செய்த உபகாரம்.

"ரத்தம் எப்படி இருந்துச்சு? மேல நிக்கிற நீர் சிவப்பாவா?"

"வெளிர் மஞ்சள். கண்ணாடி மாதிரி தெளிவு. கெடவே இல்ல. யாராவது டியூபைத் தூக்கி வெளிச்சத்துல ஒரு தடவை பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். மெஷின் வேண்டாம்னுச்சு, தூக்கிக் குப்பையில போட்டுட்டாங்க. மூணு டியூபையும்."

"அவர்?"

"நாலு நிமிஷம் நின்னுபோச்சு. திரும்ப ஓட வச்சுட்டாங்க. ஆனா இன்னும் கண்ணைத் திறக்கல."

சின்னவளுக்கு அடுத்துக் கேட்க வேண்டியதைக் கேட்கப் பயமாக இருந்தது. அக்காவே தொடர்ந்தாள்.

"அஞ்சு மணிக்கு விசாரணை. நீ வான்னு சொல்ல வரல. யாராவது போன் பண்ணிக் கேட்டா வாயை மூடிக்கிட்டு இருன்னு சொல்ல வந்தேன். அதைப் போன்ல சொல்ல முடியுமா? நேத்து பண்ணிட்டு அதனாலதான் வச்சுட்டேன்."

"அது நான் எழுதின விதி, அக்கா."

"எழுதினது நீ. கையெழுத்து போட்டது நான்." அக்கா தன் செருப்பைப் பார்த்தபடி சொன்னாள். "கடைசி நாள் பதினாலு பேப்பர் நீட்டினே. உன் முகத்தைப் பாக்கவே பிடிக்கல எனக்கு. ஒண்ணையும் படிக்காம வரிசையா போட்டுத் தள்ளினேன். அந்தக் கோபத்துக்கு இப்ப ஒருத்தர் படுத்துக் கிடக்கார்."

"அதுக்காக நீ தனியா..."

"உனக்கு இன்னிக்கு ஏதோ பரீட்சையாமே. உன் வீட்டுக்காரர் சொன்னார். ஆமா, அவர்கிட்ட நான் பேசுவேன், உன்கிட்டதான் பேச மாட்டேன். போ. போய் எழுது."

எழுந்தவள் நின்றாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. ஏழரைக்கு மேல உண்மையா ஒருத்தருக்கு வந்தா என்ன பண்றதுன்னு நீ யோசிக்கவே இல்லையா?"

"வந்தா மறுபடி ரத்தம் எடுப்பாங்கன்னு நினைச்சேன்."

"எடுத்தாங்களே," என்றாள் அக்கா.

*

சின்னவள் மேலே வந்து தன் மேசையில் உட்கார்ந்தாள். அக்காவின் கேள்வி கூடவே வந்திருந்தது. அது பரிசோதனைக் கூடத்தைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை என்பது ஐந்தாவது மாடியைத் தாண்டும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இங்கே வந்த முதல் மாதம் அவளுக்குக் கொடுத்த வேலை, பன்னிரண்டு வருடத்து விலைகளைச் சுத்தம் செய்வது. விலைப் பட்டியல்களில் தவறுகள் இருக்கும். புள்ளி இடம் மாறி நூறு ரூபாய்ப் பங்கு பத்து ரூபாயாகும். அவள் ஒரு விதி எழுதினாள். ஒரே நாளில் பதினைந்து சதவீதத்துக்கு மேல் விழுந்தால் அது விலை இல்லை, பிழை. தூக்கிப் போடு.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு அந்த விதியில் சிக்கின. லட்சக்கணக்கான விலைகளில் இருநூற்றுப் பன்னிரண்டு. "லேப்புன்னா லேப்தான், எவ்வளவு சுத்தம்!" என்று பக்கத்து மேசைக்காரர்கள் பாராட்டினார்கள். அந்த அலுவலகத்தில் அவளுக்கு லேப் என்றே பெயர் விழுந்தது.

ஒன்றையும் அவள் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கவில்லை.

இப்போது பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக, அந்தந்த நாளின் செய்தியோடு ஒப்பிட்டாள். முதலாவது, புள்ளி இடம் மாறியது. பிழைதான். இரண்டாவதும் பிழை. ஏழாவதுவரை பிழை. மூச்சு கொஞ்சம் சீரானது.

எட்டாவது ஒரு மருந்து நிறுவனம். அன்று காலை அதன் ஆலை எரிந்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் எதுவும் குடிக்கவில்லை, எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டரைக்குப் பட்டியல் முடிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தொன்று உண்மை. முப்பத்தொரு முறை ஏதோ ஒரு நிறுவனம் நிஜமாகவே விழுந்திருந்தது. அவளுடைய மாடலுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

மாடல் செய்வது சின்ன வேலை. கொஞ்சம் விழுந்த பங்கை வாங்கும். எழுந்ததும் விற்கும். இன்னும் விழுந்தால் இன்னும் வாங்கும். பெரிதாக விழுந்து எழுந்திருக்காத பங்கு உலகத்தில் உண்டு என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முப்பத்தொன்றையும் திரும்பச் சேர்த்து ஓடவிட்டாள். திரையில் லாபக் கோடு வழக்கம்போலச் சீராக ஏறியது. மூன்றாம் வருடத்தில் ஒரே இடத்தில் முறிந்து கீழே போனது. பிறகு எழவே இல்லை.

அவள் கணவருக்குப் போன் செய்தாள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல அவர் குரல் எதிரொலித்தது. ஏதோ ஒரு லிஃப்டின் தலைமேல் நின்றிருப்பார்.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எனக்கு வேலை இருக்காதுன்னு நினைக்கிறேன்," என்றாள்.

"விழுந்துடுச்சா?"

"ம்."

"ஆள் இல்லாமதானே விழுந்துச்சு?"

"ஆமா. நாளைக்குத்தான் ஏத்தறதா இருந்தாங்க."

"அப்போ பயப்படாதே. ஆளை ஏத்தறதுக்கு முன்னாடி விழுந்தா அது நல்ல நாள். வாடகைக்கு என்ன பண்றதுன்னு சாயங்காலம் சண்டை போட்டுக்கலாம்."

அந்த ஒரு நிமிடம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அன்று முழுவதும் கிடைத்த ஒரே நிமிடம் அதுதான்.

*

அவள் குழுவின் தலைவரை அலுவலகத்தில் சாந்தம் என்பார்கள். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஒன்றே முக்காலுக்கு அவள் முறிந்த கோட்டைக் காட்டியபோதும் உயரவில்லை.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்தான், சார்."

"நல்லது. ரெண்டு மணிக்கு இதை எடுக்காதீங்க. அடுத்த பதிப்புல சரி பண்ணிக்கலாம்."

"சார், இருநூத்திப் பன்னெண்டும் பிழைன்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன்."

"தெரியும். நீங்க கொடுத்த வாரமே படிச்சேன்." அவர் மேசையிலிருந்த காகிதங்களின் ஓரங்களைத் தட்டி ஒழுங்காக்கினார். "மருந்துக் கம்பெனி எரிஞ்ச அன்னிக்கு நானே அதுல பணம் விட்டவன்மா. எட்டாவது வரியிலேயே சிரிச்சுட்டேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காதுமடல் சூடானது.

"அப்போ ஏன் சொல்லல?"

"கோடு அழகா இருந்துச்சு," என்றார் சாந்தம். "வாங்க, நேரமாச்சு."

*

கூட்ட அறையில் ஒரே ஒருவர்தான் காத்திருந்தார். நஷ்ட அபாயத்தைக் கண்காணிக்கிற அதிகாரி. ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருக்கும் அம்மா. அவர் ஒப்புதல் இல்லாமல் எந்த மாடலும் வெளியே போகாது என்பது அங்கே சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்லப்படும் பாடம்.

"ஆரம்பிங்கம்மா," என்றார் அவர்.

சின்னவள் தயாரித்து வைத்திருந்த முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. கூச்சத்தில் எப்போதும் தரையைப் பார்த்துப் பேசுகிறவள், அன்று அந்த அம்மாவின் கண்ணாடியைப் பார்த்துப் பேசினாள்.

"இந்த மாடலை ஒப்புக்கொள்ளாதீங்க மேடம். முப்பத்தொரு உண்மையான வீழ்ச்சிகளை நான் பிழைன்னு நினைச்சு எடுத்துட்டேன். பார்க்காம எடுத்தேன். திரும்பச் சேர்த்தா மாடல் நிக்கல."

சாந்தம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அதிகாரி அம்மா அதட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எப்போ தெரிஞ்சுது?"

"இன்னிக்கு மதியம். நல்லவேளை, நாளைக்குத்தானே ஓடப்போகுது."

"நாளைக்கா?" அந்த அம்மா அவளையும் சாந்தத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "சோதனை ஓட்டம்னு பதினெட்டு நாளா ஓடிக்கிட்டிருக்கே. கம்பெனியோட சொந்தப் பணத்துல. உங்களுக்குச் சொல்லலையா?"

சின்னவள் சாந்தத்தின் பக்கம் திரும்பினாள்.

"சின்ன அளவுதான்," என்றார் சாந்தம்.

"எவ்வளவு சின்னது?"

கேட்டுக்கொண்டே அம்மா தன் கணினியைச் சுவர்த்திரையில் இணைத்தார். தகுதிகாண் காலத்தில் இருப்பவர்கள் பார்க்க அனுமதியில்லாத திரை. சின்னவள் தன் மாடல் உயிரோடு இருப்பதை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தாள்.

அது வாங்கியிருந்த பங்குகள், வரிக்கு ஒன்றாக நாற்பது வரிகள், பச்சையில் இருந்தன. பதினேழாவது ஒரு கப்பல் நிறுவனம். அதன் கப்பல் ஒன்று துறைமுகத்தில் தீப்பிடித்ததாகக் காலைச் செய்தி ஓடியிருந்தது. நான்கு சதவீதம் விழுந்தபோது மாடல் வாங்கியிருந்தது. ஏழில் வாங்கியிருந்தது. பதினொன்றில் இன்னும் நிறைய. பதினான்கில் அதைவிட நிறைய.

"இப்போ எவ்வளவு?" என்றாள் சின்னவள்.

"பத்தொம்பது," என்றார் அம்மா, தன் கணினியில் சந்தை விலையைப் பார்த்து.

அந்த வரியும் பச்சையில்தான் இருந்தது. பதினைந்தைத் தாண்டியதும் மாடல் விலையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. கடைசியாக நம்பிய விலையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் நலம் என்று காட்டிக்கொண்டிருந்தது. வரியின் கடைசியில் சிறிய எழுத்தில் ஒரு வாக்கியம். முதல் மாதத்தில், கைப்பழக்கத்தில் அவளே அடித்தது.

மாதிரி ஏற்கப்படவில்லை. மறு மாதிரி தேவை.

"நிறுத்தி, வாங்கினதை வித்துடுங்க மேடம்," என்றாள்.

"நான் தனியா நிறுத்த முடியாதும்மா. மூணு கையெழுத்து வேணும். எழுதினவர், குழுத் தலைவர், நான்." அம்மா பேனாவை எடுத்துவிட்டார். "படிவம் எங்க?"

சாந்தம் தன் கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். அச்சடித்து முடித்த தாள். சின்னவளின் பக்கம் நகர்த்தினார்.

"இருபத்தொண்ணு," என்றார் அம்மா, கணினியைப் பார்த்து.

தாளில் மூன்றே வாக்கியங்கள். மாடலை நிறுத்தக் கோருகிறேன். தரவில் உள்ள பிழை முழுவதும் என்னுடையது. குழுவில் வேறு எவருக்கும் அது முன்பே தெரியாது.

கீழே அவள் கையெழுத்துக்கு இடம். மூலையில் தேதி. பதினெட்டு நாட்களுக்கு முந்தைய தேதி.

மாடல் ஓடத் தொடங்கிய அன்றே அவளுக்கான இந்தத் தாளும் தயாராகியிருந்தது.

"போடுங்கம்மா," என்றார் சாந்தம், எப்போதும்போல மெதுவாக. "ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம்."

"இருபத்துமூணு."

சின்னவள் பேனாவை வாங்கினாள். முதல் வாக்கியத்தைத் தொடவில்லை. இரண்டாவதில் 'முழுவதும்' என்ற சொல்லை அடித்தாள். மூன்றாவதை நீளமாக ஒரே கோட்டில் அடித்தாள். மூலையில் இருந்த தேதியை அடித்து இன்றைய தேதியை எழுதினாள். பிறகு கையெழுத்திட்டுத் தாளைச் சாந்தத்தின் பக்கம் நகர்த்தினாள்.

அவர் அதைப் படித்தார். பேனாவை எடுக்கவில்லை.

"திருத்தின தாள்ல நான் போட மாட்டேன்," என்றார். "வேற தாள் அச்சடிச்சுட்டு வரேன். அஞ்சு நிமிஷம்."

நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்கு நகர்த்தி எழுந்தார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே இருந்த இரண்டு பெண்களுக்கும் வெளியிலிருந்து பூட்டு விழும் ஒலி கேட்டது.

சுவரில் நாற்பது வரிகளும் பச்சையாக இருந்தன.

"இருபத்தெட்டு," என்றார் அம்மா.